ஏழுசுனை இரண்டாள் மிஷின்

முதலில் கெடுதல் செய்தவன் ஒச்சப்பன். இதை ஏழுசுனையில் யாரும் மறுக்க மாட்டார்கள், ஒச்சப்பனைத் தவிர. அவனுக்குப் பிறகு சடையாண்டிக்குக் கெடுதல் செய்தவர்கள் பதினோரு பேர். அதில் ஒரு பந்தல்காரன் உண்டு, பெரியப்பா மகன் ஒருவன் உண்டு, பல் பிடுங்குகிறவன் ஒருவன் உண்டு, அடுத்த தோட்டத்துச் செவலைப் பசுவும் உண்டு. அத்தனை பேரையும் சடையாண்டி காலையில் பல் தேய்க்கும்போது வரிசை மாறாமல் நினைத்துப் பார்த்துக்கொள்வார். அப்படி நினைத்துக்கொண்டால்தான் அவருக்குக் காப்பி இறங்கும். ஆனால் முதலிடம் இருபத்திரண்டு வருடமாக ஒச்சப்பனுக்குத்தான், அதை யாரும் தட்டிப் பறிக்கவில்லை. இத்தனைக்கும் அவன் வேறு ஆள் இல்லை, சடையாண்டியின் தங்கை சின்னப்பேச்சியைக் கட்டியவன்.

நடந்தது இதுதான். அந்தக் காலத்து மரமறுக்கும் மிஷினை ஒற்றை ஆள் தூக்க முடியாது. முப்பத்தைந்து கிலோ. இஞ்சின் பக்கம் ஒருவர் நிற்க வேண்டும், நாலரை அடி நீளமுள்ள பட்டையின் நுனிக் கைப்பிடியை இன்னொருவர் பிடிக்க வேண்டும், நடுவில் செயின் ஓடும், செயினுக்குக் கீழே மரம். எஸ்டேட்டில் கழித்துப் போட்ட மிஷினைச் சடையாண்டி வாங்கிவந்து, கழற்றி, துடைத்து, பூட்டி, மூச்சு வரவைத்தார். மலையில் அவரும் ஒச்சப்பனும் அதைக்கொண்டு அறுக்காத மரம் இல்லை. அந்த வேலைக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. நுனி பிடிக்கிறவன் கையை எடுப்பதென்றால் "விடுறேன்" என்று கத்த வேண்டும், இஞ்சின்காரர் "விடு" என்று சொன்ன பிறகுதான் எடுக்க வேண்டும். பாம்பு காலைச் சுற்றினாலும் அதுதான் சட்டம். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு மலைவேம்பை அறுத்துக்கொண்டிருந்தபோது ஒச்சப்பன் கழுத்தில் ஒரு கதண்டு, விஷக்குளவி, வந்து உட்கார்ந்தது. அவன் சொல்லாமல் விட்டான். நுனி சரிந்தது, மிஷின் திரும்பியது, செருப்போடு சேர்த்துச் சடையாண்டியின் இடது கால் விரல் இரண்டைக் கொண்டுபோனது.

விரல் போனதைச் சடையாண்டி பெரிதாக எடுக்கவில்லை. காலில் பத்து இருந்தது, எட்டு மிச்சம், நடக்க அது போதும். ஆனால் அவர் கட்டுப்போட்டுக்கொண்டு மலையேறி வருவதற்குள் ஒச்சப்பன் டீக்கடையில் உட்கார்ந்து, "நான் சொல்லித்தான் விட்டேன், மச்சானுக்குத்தான் காது கேக்கல" என்று நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டான். அதுதான் கெடுதல். இஞ்சின்காரருக்குக் காது கேட்கவில்லை என்றால் அப்புறம் அவரை நம்பி யார் நுனியைப் பிடிப்பார்கள்? யாரும் பிடிக்கவில்லை. மிஷின் அன்றைக்கு நின்றதுதான். "சொல்லாமல் விட்டேன்" என்று இரண்டு வார்த்தை, அதே டீக்கடையில், நாலு பேர் கேட்க. அவன் அவருக்குத் தர வேண்டியது அவ்வளவுதான். அவன் தரவில்லை. தங்கை மகளுக்குக் காது குத்தியபோதுகூடத் தாய்மாமன் என்ற முறைக்குப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, ஒச்சப்பன் இருந்த திசைக்கு முதுகைக் காட்டித்தான் சடையாண்டி உட்கார்ந்திருந்தார்.

மிஷினை மட்டும் அவர் விடவில்லை. சனிக்கிழமை தோறும் அதைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்து, மூடியைத் திறந்து, பிளக்கை உப்புத்தாளால் தேய்த்து, பாயிண்டு இடைவெளியைப் போஸ்ட் கார்டு ஓரத்தால் அளந்து பார்த்து, மண்ணெண்ணெய்த் துணியால் மூலை முடுக்கெல்லாம் துடைத்து, செயினுக்கு ஆயில் காட்டி, கடைசியாகக் கயிற்றை ஒரே ஒரு இழுப்பு இழுப்பார். டாங்கில் பெட்ரோல் கிடையாது, ஓட்டுவதற்கும் இல்லை, பிஸ்டன் இறுகிவிடக் கூடாது என்பதற்காக. மற்றவர்கள் பாரம் தூக்கும்போது முருகா என்பார்களே, அந்த மாதிரி அவர் கயிற்றை இழுக்கும்போது "சொல்லாம விட்டான்" என்பார்.

போன வருடத்துக்கு முந்தின ஐப்பசியில் மழை பெய்தது. மழை என்றால் வானத்தை யாரோ சொல்லாமல் விட்டது போல மழை. எட்டாவது கொண்டை ஊசி வளைவில் சாலை கழன்று பள்ளத்துக்குப் போனது. கீழேயிருந்து பஸ் இல்லை, காய்கறி இல்லை, பெட்ரோல் இல்லை. ஆறாம் நாள் குடிதண்ணீர்க் குழாய்மேல் ஒரு சில்வர் ஓக் மரம் சாய்ந்து குழாயை நசுக்கிக்கொண்டு படுத்துவிட்டது. இளவட்டங்களிடம் கைக்கு அடக்கமாக ஏழெட்டுப் புது மிஷின் இருந்தது, ஒன்றிலும் சொட்டுப் பெட்ரோல் இல்லை. கோடாலியால் கொத்தினால் குழாய் சிதறிவிடும். பஞ்சாயத்துத் தலைவர் அன்னக்கொடி இடுப்பில் கைவைத்து நின்றபோது, சடையாண்டி தள்ளுவண்டியில் தன் மிஷினை ஏற்றிக்கொண்டு வந்தார். எதற்கு வந்தார் என்று அவருக்கே தெரியாது. ஊர் கூடின இடத்தில் அதையும் நாலு பேர் பார்க்கட்டும் என்று இருக்கலாம்.

"சித்தப்பா, அதுல பெட்ரோல் இருக்கா?" என்றாள் அன்னக்கொடி.

"எவன் ஊத்துனான்?"

"பிறகு எதுக்கு இதை உருட்டிட்டு வந்தீக?"

பதில் சொல்ல வேண்டுமே என்று அவர் காலை ஊன்றி, "சொல்லாம விட்டான்" என்று கயிற்றை இழுத்தார். மிஷின் பிடித்துக்கொண்டது. மலை முழுக்கக் கேட்கிற அந்தப் பழைய குரலில், இருமி, கனைத்து, நின்று ஓடியது. காய்ந்த மிளகாய் கருகுகிற நெடியோடு புகை வந்தது. அன்னக்கொடி டாங்க் மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். ஒரு சிலந்தி இருந்தது, அதுவும் எப்போதோ செத்தது. அவள் மூடியைத் திருகி மூடிவிட்டு, "சரி, நுனியை யாராச்சும் பிடிங்கப்பா, தண்ணி இல்லாம ஊரே தவிக்குது" என்றாள். டீக்கடைக்காரர் வந்து பிடித்தார். மரம் மூன்று துண்டானது, மத்தியானத்துக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. பெண்கள் குடம் எடுத்துப் போனார்கள். எதையாவது எரித்துத்தானே மிஷின் ஓடும், இது அவர் மனக்குறையை எரிக்கிறது என்று டீக்கடைக்காரர் சொன்னார். அதற்கு மேல் அதைப்பற்றி யாரும் ஆராயவில்லை.

ஆனால் ஊருக்கு ஒரு சந்தேகம் வந்தது, சடையாண்டியின் மனக்குறையில் மட்டும்தான் ஓடுமா, மற்றவர்களுடையதிலும் ஓடுமா என்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட மைதானத்தில் மிஷினை வைத்து ஆளுக்கு ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தார்கள். வேலி ஓரத் தகராறில் இருந்தவர் இழுத்தபோது அரை மணி நேரம் ஓடியது. மாமியாரை நினைத்து இழுத்த பெண்ணுக்குக் கால் மணி நேரம், ஆனால் புகை தாங்க முடியவில்லை. கட்சிக்காரர்கள் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் மேடையில் திட்டிக்கொள்கிறவர்கள், அவர்கள் இழுத்தபோது ஒரு முனகல்கூட வரவில்லை. ஊரே சிரித்தது. யாரையும் வெறுக்கத் தெரியாத ஹெட்மாஸ்டர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து வேர்க்க வேர்க்க இழுத்தார், கயிறுதான் கையோடு வந்தது. "சாரை வச்சு ஒரு கறிவேப்பிலைக் கொப்பு அறுக்க முடியாது" என்று அன்றைக்குச் சொன்னது அவருக்கு இன்னும் பட்டப்பெயராக இருக்கிறது. கடைசியில் சடையாண்டி இழுத்தார். பொழுது சாய்கிற வரை ஓடியது. நிறுத்தச் சொல்லி ஆள் அனுப்ப வேண்டியிருந்தது.

அதிலிருந்து ஏழுசுனையில் சில ஒழுங்குகள் ஏற்பட்டன. ஆவணி பிறந்தால் மார்கழி முடியும் வரை யாரும் யாரோடும் சமாதானம் ஆகக் கூடாது, மழைக்கு மரம் விழுகிற, சாலை அறுந்து பெட்ரோல் வராமல் போகிற காலம். காளியம்மன் கோயிலில் பிணக்குத் தீர்த்து விபூதி பூசிவிடும் வழக்கத்தைத் தை மாதத்துக்குத் தள்ளிவைத்தார்கள். புதிதாகக் கல்யாணமான வீட்டில் சம்பந்திகள் ரொம்ப ஒட்டிக்கொண்டால், "கொஞ்சம் பாத்து இருங்கப்பா, கார்த்திகை வருது" என்று பெரியவர்கள் சொன்னார்கள். மனக்குறை இப்படிப் பயன்பட ஆரம்பித்ததும் அதற்கு ஒரு மரியாதை வந்தது, மரியாதை வந்ததும் கண்ட இடத்தில் கத்துவது குறைந்தது. உப்புப் பெறாத விஷயத்துக்கெல்லாம் கோபப்பட்டு வீணாக்காதே என்று புருஷனைப் பெண்டாட்டி தட்டினாள். ஊர் முன்னைவிட அமைதியாக இருந்தது, அத்தனை பேரும் உள்ளே பத்திரமாக எதையோ வைத்துக்கொண்டு.

சடையாண்டிக்கோ பொற்காலம். முன்பு அவர் கதையை எடுத்தால் ஆட்கள் எழுந்து போகச் செருப்பைத் தேடுவார்கள். இப்போது டீக்கடையில் பெஞ்சைத் துடைத்து உட்காரவைத்து, "எங்க, மறுபடி சொல்லுங்க, கதண்டு எந்தப் பக்கம் வந்து உட்கார்ந்துச்சு?" என்று கேட்டார்கள். எதிரே வருகிறவர்கள், "நல்லா இருக்கீகளா?" என்பதற்குப் பதிலாக, "குறையலையே?" என்றார்கள். "கூடியிருக்கு" என்பார் அவர், முகமெல்லாம் சிரிப்பாக.

மிஷினின் குணத்தில் ஒரு பொல்லாத பகுதி உண்டு என்பது அடுத்த வருடம் தெரிந்தது. மொக்கத்தாய் தன் ஓரகத்தி மேல் வைத்திருந்த பலாப்பழத்துக் கோபத்தில் கோயில் கொன்றையின் கொப்பை அறுத்துக்கொண்டிருந்தார்கள். முக்கால் பங்கு அறுபட்டிருந்தபோது அந்த ஓரகத்தி என்ன நினைத்தாளோ, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து மொக்கத்தாயின் கையைப் பிடித்து, "தப்புத்தாண்டி, பழத்தை நாந்தான் ஒளிச்சு வச்சேன்" என்று அழுதுவிட்டாள். மொக்கத்தாயும் அழுதாள். மிஷின் பொட்டென்று நின்றது. கொப்பு தன் போக்கில் முறிந்து மடப்பள்ளிக் கூரையைப் பொளந்துகொண்டு பொங்கல் பானைமேல் விழுந்தது. அழுகிறவர்களைத் திட்டவும் முடியவில்லை. தர வேண்டிய வார்த்தையைத் தந்துவிட்டால் மிஷின் நிற்கும் என்று எல்லோரும் தெரிந்துகொண்டார்கள்.

இந்தக் கார்த்திகையில் காற்று ஒரு பகல் முழுக்க அடித்தது. ஒச்சப்பன் வீட்டுப் பின்னால் இருந்த நாவல் மரம், புது மிஷினின் பட்டைக்கு எட்டாத நாலடிப் பருமன், பள்ளத்துப் பக்கம் வேர் கழன்று வீட்டைப் பார்த்துச் சாய்ந்து நின்றது. ஓட்டுக்கும் கிளைக்கும் நடுவே கையகலம் இடைவெளி. அந்த வீடு சின்னப்பேச்சி முப்பது வருடம் காப்பிப் பழம் பறித்துக் கட்டிய வீடு. சாமான்களை வெளியே எடுத்துப்போட்டுவிட்டு அவள் நேராக அண்ணன் வாசலுக்கு வந்து நின்றாள். சடையாண்டி மிஷினைத் தள்ளுவண்டியில் ஏற்றினார்.

மரத்தின் உச்சியில் கம்பிக்கயிறு கட்டி, பள்ளத்துப் பக்கம் இருபது பேர் பிடித்தார்கள். பள்ளத்துப் பக்கம் மரத்தில் வாய் திறந்தது மாதிரி வாய்வெட்டுப் போட்டு, பிறகு வீட்டுப் பக்கமிருந்து அறுத்து, அறுக்க அறுக்க ஆப்பு அடித்து, சாய்ந்த மரத்தை எதிர்ப்பக்கம் தள்ள வேண்டும். பாதி அறுப்பில் மிஷின் நின்றால் மரம் வீட்டின்மேல். அவ்வளவு பருமனுக்கு நுனியைச் சமமாகப் பிடிக்கத் தெரிந்த கை அந்த மலையிலேயே ஒன்றுதான் இருந்தது. ஒச்சப்பன் தலையைக் குனிந்துகொண்டு வந்து கைப்பிடியைப் பிடித்தான்.

"சித்தப்பா, இவரைப் பக்கத்துல வச்சுக்கிட்டு முடியுமா?" என்று அன்னக்கொடி காதோடு கேட்டாள்.

"பக்கத்துல இருந்தா இன்னும் நல்லா வரும்" என்றார் சடையாண்டி.

வந்தது. ஒரே இழுப்பு. வாய்வெட்டு வெண்ணெயாகப் போயிற்று. பின்பக்கம் அறுக்க ஆரம்பித்தபோது இருவரும் எதிரெதிரே முகம் பார்த்து நின்றார்கள், இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகு. பட்டை உள்ளே போகப் போக நடுவில் மரம் வளர்ந்தது. முதலில் வேட்டி மறைந்தது, பிறகு தோள், பிறகு முகம். நுனியில் இருக்கிறவன் கையின் கனம் மட்டும் பட்டை வழியாக இஞ்சினுக்கு வந்தது. அந்தக் கனம் அவருக்கு நன்றாகத் தெரிந்த கனம். தூக்கவும் இல்லை, அமுக்கவும் இல்லை, மரத்தோடு போகிற கை. அப்படி ஒரு கை அதற்குப் பிறகு அவருக்குக் கிடைக்கவே இல்லை.

பாதிக்கு மேல் போனபோது மிஷினின் குரல் இறங்கியது. செயின் அறுக்காமல் மரத்தை மென்றுகொண்டிருந்தது. இறங்கின சத்தத்துக்கு நடுவே மரத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து விசும்பல் கேட்டது.

"மச்சான்... அன்னிக்கு நான்..."

"வாய மூடு மாப்ளே!"

"சொல்லிடுறேன் மச்சான். மனசு தாங்கல. ஓங்க தங்கச்சிக்காக வந்து நிக்கிறீகளே, நான் அன்னிக்கு..."

மிஷின் திக்கியது. மேலே மரம் முனகியது. ஓட்டில் கிளை உரசி ஒரு ஓடு சறுக்கி விழுந்தது.

சடையாண்டி இருபத்திரண்டு வருடம் பல் தேய்க்கும்போதெல்லாம் கேட்ட வார்த்தை மரத்துக்கு அந்தப் பக்கம் வாசல் வரை வந்து நிற்கிறது. ஊரே இருக்கிறது கேட்க. வாங்கிக்கொண்டால் வாங்கிக்கொண்டதுதான். ஒரே ஒரு மூச்சு நேரம் அவர் சும்மா இருந்தார், அந்த ஒரு மூச்சுக்கு மிஷின் அடங்கப் பார்த்தது. கயிற்றைப் பிடித்திருந்தவர்களுக்குப் பின்னால் சின்னப்பேச்சி சாமான் மூட்டையின்மேல் உட்கார்ந்து வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தாங்கலையாம்ல! இத்தனை வருசம் தாங்குச்சு, இன்னும் ஒரு சாண் தாங்காதாடா? இப்பச் சொன்னே, ஒன் வீடு இல்ல, பாத்துக்க!" என்று கத்தினார்.

"எனக்கு அழுகையா வருது மச்சான்!"

"பொய்யச் சொல்லு! எப்பவும் சொல்வியே, அதச் சொல்லு!"

ஊர் புரிந்துகொண்டது. "சொல்லுய்யா ஒச்சப்பா, பழசையே சொல்லு!" என்று இருபது பேர் கத்தினார்கள். ஹெட்மாஸ்டர்கூடக் கத்தினார். "திட்டுங்க மாமா, நல்லாத் திட்டுங்க!" என்றாள் அன்னக்கொடி. ஒச்சப்பன் மூக்கை உறிஞ்சினான். அழுதுகொண்டே, கைப்பிடியை விடாமல், வீட்டைக் காப்பாற்ற வேறு வழி இல்லாமல், அந்தப் பொய்யை உரக்கக் கத்தினான்.

"நான் சொல்லித்தான் விட்டேன்! ஒமக்குத்தான்யா காது கேக்கல! செவிட்டு ஆளு! அன்னிக்கும் செவிடு, இன்னிக்கும் செவிடு!"

கேட்டதுதான் தாமதம். அது நடிப்பு என்று சடையாண்டிக்குத் தெரியும், தன் வாயாலேயே கேட்டு வாங்கியது என்றும் தெரியும், ஆனாலும் அந்தச் செவிடு என்ற வார்த்தை புதுசு, அது போய் நெஞ்சில் நேராக விழுந்தது. மிஷின் அதுவரை ஏழுசுனை கேட்டிராத குரலில் அலறியது. மிளகாய் நெடியில் ஊரே தும்மியது. மரத்தூள் மஞ்சளாகப் பாய்ந்து இருவர் முழங்காலையும் மூடியது. நடுவில் எதிலோ மோதி நெருப்புப் பொறி பறந்தது, அதையும் கடித்துக்கொண்டு போனது. ஆப்பின்மேல் சம்மட்டி விழ, கயிறு விறைக்க, நாவல் மரம் ஒருமுறை யோசித்துவிட்டு வீட்டுக்கு முதுகைக் காட்டிப் பள்ளத்துக்குள் போய் விழுந்தது. உதிர்ந்த ஓடு அந்த ஒன்றுதான்.

சின்னப்பேச்சி அடுப்பை உள்ளே எடுத்து வைத்து முதல் காரியமாக வரக்காப்பி போட்டாள். ஊரே குடித்தது. ஒச்சப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, மச்சான் முன்னால் வந்து நின்று வாயைத் திறந்தான். அன்னக்கொடி பாய்ந்து அவன் வாயில் ஒரு முறுக்கைத் திணித்தாள். "மார்கழி முடியட்டும் மாமா, இன்னும் எத்தனை மரம் இருக்கோ" என்றாள்.

சடையாண்டி அதைக் கவனிக்கவில்லை. அவர் செயினை வெயிலில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பாதிப் பல் மழுங்கியிருந்தது. மரத்தின் அறுத்த முகத்தில் போய்ப் பார்த்தார். துணிக்கொடி கட்ட எப்போதோ அடித்த இரும்புக் கொக்கி, மரம் வளர்ந்து அதை உள்ளே விழுங்கியிருந்தது, இப்போது இரண்டாக அறுபட்டுப் பளபளவென்று நின்றது.

"இது எவன் அடிச்சது?"

ஒச்சப்பன் முறுக்கை விழுங்கினான். "நாந்தான் மச்சான். கல்யாணமான புதுசுல."

"கொக்கி இருக்குன்னு சொன்னியா?"

"ஞாபகம் இல்ல மச்சான்."

"சொன்னியா, சொல்லலையா?"

"சொல்லல."

அவருக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. இப்படி ஒன்று புதிதாகக் கிடைக்கும் என்று அவர் எதிர்பார்க்கவே இல்லை. பதின்மூன்றாவது இடத்தில் செவலைப் பசுவுக்குப் பின்னால் அதை வைத்துக்கொள்ளலாமா, அல்லது இரண்டாம் இடத்தை ஒச்சப்பனுக்கே கொடுத்துவிட்டு மற்றவர்களை ஒவ்வொரு படி இறக்கலாமா என்று வீடு போகிற வரை யோசித்துக்கொண்டே நடந்தார்.

மறுநாள் காலையில் ஒச்சப்பன் அவர் வாசலில் வந்து நின்றான். குளித்து, விபூதி பூசி, வெள்ளை வேட்டி கட்டியிருந்தான். பின்னால் டீக்கடைக்காரர், அவருக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர், கேட்பதற்கு ஆளாகக் கூட்டிவந்திருந்தான்.

"மச்சான், இன்னிக்காச்சும் சொல்ல விடுங்க."

சடையாண்டி செயினைக் கழற்றிப் பலகையில் நீளமாகப் பரப்பியிருந்தார். அவனை ஏறிட்டுப் பார்த்தார். பக்கத்தில் இருந்த இரண்டு அரத்தில் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"உட்காரு. அந்தக் கோடியிலேருந்து நீ ராவு, இந்தக் கோடியிலேருந்து நான் வாரேன். வாயத் தொறந்தே, எந்திரிச்சுப் போயிரணும்."

ஒச்சப்பன் வேட்டியை மடித்துக்கட்டி உட்கார்ந்தான். கேட்க வந்தவர்கள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அவன் ஒரு பல்லை ராவினான், ஊதினான், அடுத்ததை ராவினான். நடு நடுவே தொண்டையைச் செருமினான். அவன் செருமும்போதெல்லாம் சடையாண்டி தன் அரத்தை இன்னும் கொஞ்சம் அழுத்தி இழுத்தார்.